புதிதாக அசெம்பிள் செய்த கணினியில் இயங்குதளம் ஏறவில்லை என்றால்: எங்கே நின்றது என்று பார்த்துச் சரிசெய்யும் வழி

உதிரிப் பாகங்களைத் தனித்தனியாக வாங்கிப் பொருத்தி, விசிறிகள் சுழன்று, திரையில் பயாஸ் (மதர்போர்டிலேயே இருக்கும் அடிப்படை நிரல்) பக்கமும் வந்துவிட்ட பிறகு, விண்டோஸையோ லினக்ஸையோ நிறுவும்போது வேலை பாதியில் நின்றுபோனால், புதியவர்கள் பெரும்பாலும் உடனே மறுபடியும் முதலிலிருந்து நிறுவிப் பார்க்கிறார்கள். எதையும் மாற்றாமல் மீண்டும் நிறுவுவதால் நேரம் போவதோடு, முதல் முறை திரையில் வந்த பிழைச்செய்தி என்ன என்பதும் மறந்துபோகும். ஆகவே முதல் வேலையாக, நின்ற இடத்தில் திரையைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். செய்தியில் உள்ள எண்ணும் சொற்களும் பிறகு தேடுவதற்கு உதவும்.

கடையில் முழுதாக வாங்கிய கணினியில் பாகங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதைத் தயாரிப்பாளரே சோதித்திருப்பார். நாமே பொருத்திய கணினியில் அந்தச் சோதனை நடந்திருக்காது; ரேம், எஸ்எஸ்டி, ப்ராசசர் மூன்றும் சேர்ந்து பல ஜிபி தரவைப் பிழையில்லாமல் கையாள வேண்டிய முதல் வேலையே இயங்குதள நிறுவல்தான். அதனால் நிறுவல் தோற்கும்போது இயங்குதளத்தைச் சந்தேகிப்பதற்கு முன், அதற்குக் கீழே இருக்கும் வன்பொருளையும் பயாஸ் அமைப்புகளையும் நிறுவப் பயன்படுத்தும் பென்டிரைவையும் சந்தேகிப்பதே முறை. அவற்றில் எதை முதலில் பார்ப்பது என்பதை நிறுவல் எந்தக் கட்டத்தில் நின்றது என்பதே காட்டிக்கொடுக்கும். பென்டிரைவிலிருந்து தொடங்கவே இல்லை, தொடங்கியும் டிஸ்க் தெரியவில்லை, டிஸ்க் தெரிந்தும் நிறுவ மறுக்கிறது, கோப்புகளை நகலெடுக்கும்போது நிற்கிறது, எல்லாம் முடிந்து ரீஸ்டார்ட் ஆன பிறகு வரவில்லை என ஒவ்வொன்றுக்கும் காரணங்கள் வேறு. எந்தக் கட்டமானாலும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் செய்து பாருங்கள். மூன்று மாற்றங்களை ஒன்றாகச் செய்து கணினி சரியாகிவிட்டால், எது சரிசெய்தது என்று தெரியாமலே போய்விடும். அதே கோளாறு மீண்டும் வந்தால் தொடங்கிய இடத்திலேயே நிற்பீர்கள்.

பயாஸில் முதலில் பார்க்க வேண்டியவை

கணினியை இயக்கியதும் டெலீட் அல்லது எஃப்2 விசையை விட்டு விட்டு அழுத்திக்கொண்டிருந்தால் பயாஸ் பக்கம் வரும். டிடிஆர்5 ரேம் பொருத்திய கணினி முதல் முறை இயங்கும்போது ரேமின் அளவுருக்களைத் தானே சரிசெய்துகொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். அந்த நேரம் முழுவதும் திரை கறுப்பாகவே இருக்கும் என்பதால் அவசரப்பட்டுப் பவரை அணைத்துவிடக் கூடாது.

பயாஸின் முதல் பக்கத்தில் ப்ராசசரின் பெயர், ரேமின் மொத்த அளவு, எஸ்எஸ்டியின் பெயர், ப்ராசசரின் வெப்பநிலை, தேதி ஆகிய ஐந்தையும் பாருங்கள். இரண்டு 16 ஜிபி ரேம்களைப் பொருத்தியிருந்தும் 16 ஜிபி மட்டுமே காட்டினால், ஒன்று சரியாக உட்காரவில்லை. பவரை அணைத்து, ரேமைக் கழற்றி, பக்கத்தில் உள்ள பூட்டு 'டக்' என்று விழும்வரை இருபுறமும் சமமாக அழுத்துங்கள். நான்கு ஸ்லாட்டுகள் உள்ள மதர்போர்டில் இரண்டு ரேம் மட்டும் போடுவதானால், ப்ராசசரிலிருந்து எண்ணும்போது இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுவதே பெரும்பாலான மதர்போர்டுகளில் சொல்லப்படும் முறை. மதர்போர்டோடு வரும் சிறு புத்தகத்தைப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறவர்கள் அதிகம்; இந்த வேலை முடியும்வரை அது மேசைமேல் இருக்கட்டும்.

பயாஸ் பக்கத்தில் சும்மா இருக்கும்போதே ப்ராசசரின் வெப்பநிலை நிற்காமல் ஏறி 90 டிகிரியைத் தொடுகிறது என்றால், உடனே அணைத்துவிட்டுக் கூலரைக் கழற்றிப் பாருங்கள். கூலரின் அடிப்பகுதியில் ஒட்டியிருக்கும் மெல்லிய பாதுகாப்புத் தாளை உரிக்காமல் பொருத்துவது புதியவர்களிடம் அடிக்கடி நடப்பது. அப்படி இருந்தால் நிறுவல் தொடங்கிச் சில நிமிடங்களில் கணினி எந்தச் செய்தியும் காட்டாமல் தானாக அணைந்துவிடும். தேதி பல ஆண்டுகள் பின்னால் இருந்தால் திருத்திவிடுங்கள். நிறுவலின்போது இணையத்தில் பாதுகாப்பான இணைப்பு கிடைக்காமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற பெயரில் ரேமை அதன் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்துக்கு உயர்த்தும் அமைப்பு ஒன்று இருக்கும். கணினியைக் கட்டியவுடனே அதை இயக்கிவிடும் ஆசை இயல்புதான். ஆனால் அந்த வேகம் ஓவர்கிளாக் (இயல்பான வேகத்தைத் தாண்டி இயக்குவது) வகையைச் சேர்ந்தது என்பதால், நிறுவி முடிக்கும்வரை அதை அணைத்தே வையுங்கள். ஏற்கெனவே பயாஸில் பலவற்றை மாற்றியிருந்து, எதை மாற்றினோம் என்று நினைவில்லை என்றால், எல்லாவற்றையும் இயல்புநிலைக்குக் கொண்டுவரும் தேர்வு பயாஸிலேயே உண்டு. அதிலிருந்து தொடங்குவது நல்லது.

பென்டிரைவிலிருந்து தொடங்கவே இல்லை என்றால்

இயங்குதளத்தின் நிறுவல் கோப்புகள் முழுதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை அப்படியே பென்டிரைவுக்குள் இழுத்துப் போட்டால் அது பூட் ஆகாது, அதாவது கணினி அதிலிருந்து தொடங்காது. விண்டோஸுக்கு மைக்ரோசாஃப்ட் தரும் மீடியா கிரியேஷன் டூல், எந்த ஐஎஸ்ஓவுக்கும் ரூஃபஸ், லினக்ஸுக்கு பலேனா எட்சர் போன்ற கருவிகளில் ஒன்றைக் கொண்டே பென்டிரைவைத் தயாரிக்க வேண்டும். விண்டோஸுக்கு 8 ஜிபி அளவாவது இருக்க வேண்டும். கையால் நகலெடுத்துத் தயாரிப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் வரும்: யூஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையில் தொடங்கப் பென்டிரைவ் பொதுவாக ஃபேட்32 வடிவில் இருக்க வேண்டும், ஆனால் ஃபேட்32 வடிவம் 4 ஜிபியைத் தொடும் தனிக் கோப்பை ஏற்காது, விண்டோஸ் ஐஎஸ்ஓவில் இருக்கும் முதன்மைக் கோப்போ பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டிவிடுகிறது. மேலே சொன்ன கருவிகள் இதைத் தாமே சமாளித்துக்கொள்கின்றன.

இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பு முழுமையாக வந்ததா என்பதையும் சரிபாருங்கள். இறக்கிய பக்கத்திலேயே ஷா-256 என்ற பெயரில் நீண்ட எண்ணெழுத்துத் தொடர் ஒன்று கொடுத்திருப்பார்கள். உங்கள் கோப்புக்கும் அதே தொடர் வருகிறதா என்று ஒப்பிட ரூஃபஸிலேயே வசதி உண்டு. ஓர் எழுத்து மாறினாலும் அந்தக் கோப்பை நீக்கிவிட்டு மீண்டும் இறக்குங்கள்.

பென்டிரைவைக் கேபினெட்டின் முன்பக்கத்தில் செருகாமல், பின்பக்கத்தில் மதர்போர்டிலேயே உள்ள யுஎஸ்பி போர்ட்டில் செருகுங்கள்; முன்பக்கப் போர்ட்டுக்குப் போகும் உள்கேபிள் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்ற சந்தேகம் இதனால் நீங்கும். பிறகு பூட் மெனுவைத் திறக்க வேண்டும். அதற்கான விசை ஆசஸ் மதர்போர்டுகளில் எஃப்8, எம்எஸ்ஐ, அஸ்ராக் மதர்போர்டுகளில் எஃப்11, கிகாபைட் மதர்போர்டுகளில் எஃப்12. அந்த மெனுவில் ஒரே பென்டிரைவின் பெயர் இரண்டு முறை வரலாம், ஒன்றின் முன்னால் மட்டும் யூஇஎஃப்ஐ என்று இருக்கும். அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றொன்றைத் தேர்ந்தெடுத்தாலும் நிறுவல் திரை வந்துவிடும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். அதன் விளைவு டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில்தான் தெரியவரும். பயாஸில் சிஎஸ்எம் என்ற பழைய முறைக்கான அமைப்பை அணைத்துவிட்டால் இந்தக் குழப்பமே இருக்காது.

செக்யூர் பூட் மீறல் என்று செய்தி வந்தால், பென்டிரைவில் இருக்கும் பூட் நிரலை மதர்போர்டு நம்பவில்லை என்று பொருள். நம்பகமான இடத்திலிருந்து இறக்கிய ஐஎஸ்ஓதான் என்று உறுதியானால், செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்துவிட்டு நிறுவிப் பின்னர் மீண்டும் இயக்கிக்கொள்ளலாம்.

நிறுவல் திரை வந்தும் டிஸ்க் தெரியவில்லை என்றால்

புதிய கணினிகளில் பலரையும் குழப்புவது இந்தக் கட்டம்தான். முதலில் பயாஸுக்குத் திரும்பிச் சென்று, எஸ்எஸ்டி அங்கே தெரிகிறதா என்று பாருங்கள். பதிலைப் பொறுத்து வழி இரண்டாகப் பிரியும்.

பயாஸிலும் தெரியவில்லை என்றால் சிக்கல் பொருத்தியதில் இருக்கிறது. மதர்போர்டிலேயே நேரடியாகப் பொருத்தும் எம்.2 எஸ்எஸ்டியைச் சாய்வாகச் செருகி, கீழே அழுத்தி, திருகால் இறுக்க வேண்டும். திருகு போடாமல் விட்டால் மறுமுனை எழும்பித் தொடர்பு விட்டுப்போகும். எல்லா எம்.2 ஸ்லாட்டுகளும் ஒரே வகையல்ல. சில வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டியை மட்டுமே ஏற்கும், சில பழைய சாட்டா வகையையும் ஏற்கும். சில மதர்போர்டுகளில் குறிப்பிட்ட ஓர் எம்.2 ஸ்லாட்டைப் பயன்படுத்தினால் சில சாட்டா போர்ட்டுகள் செயலிழந்துவிடும். கேபிளை எத்தனை முறை மாற்றினாலும் சாட்டா டிஸ்க் தெரியாததற்கு இது காரணமாக இருக்கலாம். எந்த ஸ்லாட்டுக்கு எந்தப் போர்ட் என்பது அந்தச் சிறு புத்தகத்தில் அட்டவணையாக இருக்கும். சந்தேகம் இருந்தால் ப்ராசசருக்கு மிக அருகில் உள்ள எம்.2 ஸ்லாட்டுக்கு எஸ்எஸ்டியை மாற்றிப் பாருங்கள்.

பயாஸில் தெரிகிறது, விண்டோஸ் நிறுவலில் மட்டும் பட்டியல் காலியாக இருக்கிறது என்றால், எஸ்எஸ்டி நன்றாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து பல கணினிகளில் விஎம்டி என்ற அமைப்பு உண்டு. அது இயங்கும் நிலையில் இருந்தால், என்விஎம்இ எஸ்எஸ்டிகள் இன்டெலின் சேமிப்பகக் கட்டுப்படுத்திக்குப் பின்னால் போய்விடும்; அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் இல்லாத நிறுவல் நிரலுக்கு அவை கண்ணில் படுவதே இல்லை. ஏஎம்டி மதர்போர்டுகளில் பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு முறை இயக்கப்பட்டிருந்தால் இதே போன்ற நிலை வரும். இப்போது இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, மதர்போர்டு தயாரிப்பாளரின் இணையப் பக்கத்திலிருந்து அந்தச் சேமிப்பக டிரைவரை இறக்கி, பொதியைப் பிரித்துக் கிடைக்கும் கோப்புறையைப் பென்டிரைவில் போட்டு, டிஸ்க் பட்டியல் வரும் திரையில் உள்ள 'லோடு டிரைவர்' பொத்தான் வழியாக அதைக் காட்டுவது. மற்றொன்று, பயாஸில் விஎம்டியையோ ரெய்டு முறையையோ அணைத்துவிடுவது. ஓர் எஸ்எஸ்டி மட்டுமே வைத்திருப்பவருக்கு ரெய்டால் பயன் ஏதும் இல்லை என்பதால் அணைத்துவிடுவதே எளிது என்பது என் கருத்து. ஆனால் எந்த நிலையில் வைத்து நிறுவினீர்களோ அந்த நிலையிலேயே அதை விட்டுவிட வேண்டும். நிறுவி முடித்த பிறகு மாற்றினால், பூட் டிஸ்க்கை அணுக முடியவில்லை என்ற நீலத்திரையோடு விண்டோஸ் நின்றுவிடும்.

இந்தக் கட்டத்தில் விண்டோஸ் சில சமயம் காட்டும் செய்தி, கணினிக்குத் தேவையான 'மீடியா டிரைவர்' ஒன்று இல்லை என்பது. ஒலிக்கோ ஒளிக்கோ உரிய டிரைவரைத் தேட வேண்டுமோ என்று அதைப் படிப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். இவ்வளவு தெளிவற்ற செய்தியை எழுதியவர்களைக் குறை சொல்லாமல் இருக்க முடியவில்லை. நிறுவல் நிரலால் பென்டிரைவையோ டிஸ்க்கையோ படிக்க முடியவில்லை என்பதே அதன் உட்பொருள். எனவே பென்டிரைவை வேறு யுஎஸ்பி போர்ட்டுக்கு, முடிந்தால் யுஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு, மாற்றிப் பாருங்கள். அதற்கும் சரிவராவிட்டால் வேறு பென்டிரைவில் புதிதாகத் தயாரித்துப் பார்த்து, அதன் பிறகு டிரைவர் பக்கம் போகலாம்.

டிஸ்க் தெரிந்தும் நிறுவ மறுத்தால்

டிஸ்க் ஜிபிடி வகையில் இருக்கிறது அல்லது எம்பிஆர் வகையில் இருக்கிறது, ஆகவே இதில் நிறுவ முடியாது என்று வரும் செய்திக்குக் காரணம், பென்டிரைவை எந்த முறையில் பூட் செய்தோமோ அதற்கும் டிஸ்க்கின் பிரிவுமுறைக்கும் பொருத்தமில்லாததே. ஜிபிடி புதிய பிரிவுமுறை, எம்பிஆர் பழையது; யூஇஎஃப்ஐ முறைக்கு ஜிபிடி வேண்டும். ஜிபிடி டிஸ்க்கை விண்டோஸ் மறுத்தால், பூட் மெனுவில் யூஇஎஃப்ஐ என்று இல்லாத பெயரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம் என்று பொருள். ரீஸ்டார்ட் செய்து சரியானதைத் தேர்ந்தெடுத்தால் போதும். எம்பிஆர் என்பதால் மறுத்தால், அது பழைய கணினியிலிருந்து எடுத்துப் போட்ட டிஸ்க்காக இருக்கும். அதில் காக்க வேண்டிய கோப்புகள் இருந்தால் இங்கேயே நிறுத்திவிட்டு, வேறொரு கணினியில் அதை இணைத்து அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு பட்டியலில் அந்த டிஸ்க்கில் உள்ள எல்லாப் பார்ட்டிஷன்களையும் நீக்கி, ஒதுக்கப்படாத இடமாக ஆக்கி, அதையே தேர்ந்தெடுத்துத் தொடருங்கள். யூஇஎஃப்ஐ முறையில் தொடங்கியிருந்தால் விண்டோஸ் தானே ஜிபிடியாக மாற்றிக்கொள்ளும்.

ஒன்றுக்கு மேற்பட்ட டிஸ்க்குகள் இருந்தால், நிறுவப்போவதைத் தவிர மற்றவற்றின் கேபிளைக் கழற்றி வையுங்கள். தவறான டிஸ்க்கை அழித்துவிடும் ஆபத்து நீங்கும் என்பது ஒரு காரணம். மற்றொரு டிஸ்க்கில் ஏற்கெனவே பூட் பார்ட்டிஷன் இருந்தால் விண்டோஸ் தன் பூட் கோப்புகளை அதில் வைத்துவிடும் என்பது இன்னொன்று; பின்னாளில் அந்த டிஸ்க்கைக் கழற்றியதும் கணினி பூட் ஆகாமல் போகும்போது ஏன் என்றே புரியாது.

இந்தக் கணினியில் விண்டோஸ் 11-ஐ இயக்க முடியாது என்று வந்தால், டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் அமைப்பு), செக்யூர் பூட் வசதி, 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் போன்ற தேவைகளில் ஒன்றை நிறுவல் நிரல் காணவில்லை என்று பொருள். புதிய ப்ராசசர்களில் டிபிஎம் உள்ளேயே இருக்கிறது. பயாஸில் இன்டெலுக்குப் பிடிடி என்றும் ஏஎம்டிக்கு எஃப்டிபிஎம் என்றும் உள்ள அமைப்பை இயக்கினால் போதும். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால், இந்தத் தடையைத் தவிர்க்கப் பழைய பதிப்புக்குப் போவது புதிய கணினிக்கு ஏற்றதல்ல.

நகலெடுக்கும்போது நின்றால், நீலத்திரை வந்தால்

ஒவ்வொரு முறையும் வெவ்வேறு சதவீதத்தில் நிற்கிறது, வெவ்வேறு நீலத்திரைச் செய்திகள் வருகின்றன, கோப்பு சிதைந்திருக்கிறது என்கிறது என்றால், முதல் சந்தேகம் ரேம்மீதுதான். எப்போதும் ஒரே இடத்தில், ஒரே செய்தியோடு நின்றால் பென்டிரைவையோ ஐஎஸ்ஓவையோ முதலில் சந்தேகியுங்கள். சிதைந்த கோப்பு எப்போதும் ஒரே இடத்தில்தான் தடுக்கும். கெட்ட ரேமில் எந்தத் தரவு எந்த இடத்தில் போய் உட்காரும் என்பது முறைக்கு முறை மாறும்.

ரேமைச் சோதிக்க மெம்டெஸ்ட்86+ என்ற இலவசக் கருவியை வேறொரு பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து பூட் செய்யுங்கள். இயங்குதளம் இல்லாமலே அது ஓடும். ஒரு முழுச் சுற்று முடியவே ரேமின் அளவைப் பொறுத்து வெகு நேரமாகலாம். திரையில் சிவப்பில் ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். 32 ஜிபியில் ஒன்றுதானே என்று விட்டுவிட முடியாது. பிழை வந்தால் ஒரு ரேமை மட்டும் இரண்டாவது ஸ்லாட்டில் வைத்துச் சோதியுங்கள், பிறகு அதே ஸ்லாட்டில் மற்ற ரேமை வையுங்கள். ஒரு ரேமில் மட்டும் பிழை வந்தால் கெட்டது அந்த ரேம். உத்தரவாதக் காலத்தில் மாற்றிக்கொள்ளலாம். இரண்டிலும் வந்தால் வேறு ஸ்லாட்டில் பாருங்கள். அங்கே பிழை வரவில்லை என்றால் ஸ்லாட்டிலோ, ப்ராசசர் சாக்கெட்டின் பின்களிலோ, கூலரைச் சமமாக இறுக்காததிலோ குறை இருக்கலாம். தனித்தனியாக இரண்டும் தேறி, சேர்த்துப் போடும்போது மட்டும் பிழை வருவதும் உண்டு. வெவ்வேறு பெட்டிகளில் வாங்கிய ரேம்களைக் கலந்து போட்டவர்களுக்கு இது நேரலாம். ஒன்றை வைத்தே நிறுவி முடித்துவிட்டு மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளுங்கள்.

ரேம் தேறிவிட்டால் அடுத்தது பயாஸின் பதிப்பு. மதர்போர்டு தயாராகிப் பல மாதங்கள் கழித்து வந்த ப்ராசசரைப் போட்டிருந்தால், பழைய பயாஸ் அதை அரைகுறையாகவே கையாளலாம். தயாரிப்பாளரின் பக்கத்திலிருந்து உங்கள் மதர்போர்டின் சரியான மாதிரிக்குரிய கோப்பை மட்டும் இறக்கிப் புதுப்பியுங்கள். புதுப்பிக்கும்போது மின்சாரம் போய்விடக் கூடாது என்பதை மறக்க வேண்டாம்.

திரை மட்டும் கறுத்துப்போய், கணினி ஓடிக்கொண்டே இருந்தால் கதை வேறு. மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் செருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இன்டெலின் எஃப் என்று முடியும் ப்ராசசர் மாதிரிகளில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை என்பதால், மதர்போர்டின் போர்ட்டில் செருகினால் எதுவும் வராது. லினக்ஸ் நிறுவலில் புதிய கிராபிக்ஸ் கார்டால் திரை கறுத்தால், உபுண்டுவின் தொடக்க மெனுவில் உள்ள 'சேஃப் கிராபிக்ஸ்' தேர்வில் நிறுவிவிட்டு, உரிய டிரைவரைப் பிறகு போடலாம்.

முடிந்த பிறகு வரவில்லை என்றால்

ரீஸ்டார்ட் ஆனதும் மறுபடி நிறுவலின் முதல் திரையே வந்தால் அது கோளாறே அல்ல. கணினி இன்னும் பென்டிரைவிலிருந்து பூட் ஆகிறது, அவ்வளவுதான். முதல் ரீஸ்டார்ட்டின்போது பென்டிரைவை உருவிவிடுங்கள் அல்லது பூட் வரிசையில் எஸ்எஸ்டியை முதலில் வையுங்கள்.

விண்டோஸ் 11-இன் இறுதிக் கட்டத்தில் இணைய இணைப்பு கேட்டு, வைஃபை பட்டியலே காட்டாமல் நின்றால், புதிய மதர்போர்டின் நெட்வொர்க் சிப்புக்கான டிரைவர் விண்டோஸில் இல்லை என்று பொருள். ஆண்ட்ராய்டு கைபேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, அதில் யுஎஸ்பி டெதரிங்கை இயக்கினால் பெரும்பாலும் தனி டிரைவர் இல்லாமலே இணையம் கிடைத்துவிடும். உள்ளே போனதும் மதர்போர்டு பக்கத்திலிருந்து நெட்வொர்க் டிரைவரை முதலில் போடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் நிறுவ முடியவில்லை என்றால் ஒரு ரேம், ஓர் எஸ்எஸ்டி, விசைப்பலகை, மவுஸ் ஆகியவற்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ப்ராசசரில் கிராபிக்ஸ் இருந்தால் கிராபிக்ஸ் கார்டையும் கழற்றலாம். அந்த நிலையில் உபுண்டுவை நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டி, ஒரு மணி நேரம் ஏதாவது செய்துபாருங்கள். அங்கேயும் உறைந்து நின்றால் சிக்கல் வன்பொருளில் இருக்கிறது என்பது ஏறக்குறைய உறுதி. அங்கே ஒழுங்காக ஓடி, விண்டோஸ் மட்டும் தோற்றால், எஸ்எஸ்டி, விண்டோஸ் பென்டிரைவ், பயாஸ் அமைப்புகள் ஆகியவற்றுக்குள் காரணம் அடங்கிவிடும். பாகங்களை விற்றவரிடமோ விவரம் தெரிந்தவரிடமோ உதவி கேட்கும்போது மதர்போர்டின் முழுப் பெயர், பயாஸ் பதிப்பு, ரேம் எந்த ஸ்லாட்டில் இருக்கிறது, எந்தக் கட்டத்தில் நின்றது, எவற்றை மாற்றிப் பார்த்தீர்கள் என்பவற்றை, எடுத்து வைத்த படங்களோடு சேர்த்துக் கொடுங்கள்.

நிறுவல் முடிந்து, விண்டோஸ் அப்டேட்டும் டிரைவர்களும் போட்டாயிற்று என்றால், கழற்றி வைத்தவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பப் பொருத்தலாம். எக்ஸ்எம்பியையோ எக்ஸ்போவையோ கடைசியாக இயக்கி, மெம்டெஸ்ட்86+ இன்னொரு சுற்று ஓடவிடுங்கள். பிழை வந்தால் வேகத்தை ஒரு படி குறைத்து மீண்டும் சோதியுங்கள்.